மெட்டாவின் புதிய தனியுரிமை அறிவித்தல்: உப்புவெளியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

திருகோணமலை உப்புவெளியில் தமக்கையாருடன் சேர்ந்து நான்கு அறைகள் கொண்ட சிறு விடுதியொன்றை நடத்தும் தம்பி ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். "டிசம்பர் 16 ஆம் திகதியிலிருந்து உங்கள் வட்ஸ்அப், மெசெஞ்சர், இன்ஸ்டகிராம் செய்திகள் அனைத்தையும் மெட்டா வாசிக்கப் போகிறது" என்ற செய்தி அவருடைய குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே நாளில் ஐந்து தடவை வந்து விழுந்திருக்கிறது. வட்ஸ்அப்பை அழித்துவிட்டு டெலிகிராமுக்குப் போகலாம் என்கிறார் மருமகள். கனடாவிலிருக்கும் மாமாவோ, "எனது படங்களையும் தகவல்களையும் பயன்படுத்த மெட்டாவுக்கு நான் அனுமதி அளிக்கவில்லை" என்ற வாசகத்தைப் பேஸ்புக்கில் ஒட்டிவிடும்படி வற்புறுத்துகிறார். விடுதிக்கான விசாரிப்புகளில் பெரும்பங்கு வட்ஸ்அப் வழியாகவே வருவதால், அதை விடவும் முடியவில்லை, நிம்மதியாக வைத்திருக்கவும் முடியவில்லை. என்னதான் செய்வது என்பது அவருடைய கேள்வி. பலருக்கும் உள்ள கேள்வி என்பதால் சற்று நீட்டியே பதில் எழுதுகிறேன்.

தம்பி, அந்த டிசம்பர் 16 முற்றாகப் பொய்யான திகதி அல்ல. 2025 ஒக்டோபர் 1 ஆம் திகதி மெட்டா நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. மெட்டா ஏஐ எனப்படும் அதன் செயற்கை நுண்ணறிவு உதவியாளருடன் ஒருவர் எழுத்திலோ குரலிலோ நடத்தும் உரையாடல்களை, அவருக்கு எந்த விளம்பரத்தையும் எந்தப் பதிவையும் காட்டுவது என்று தீர்மானிப்பதற்கு டிசம்பர் 16 முதல் பயன்படுத்தப்போவதாக அதில் கூறப்பட்டிருந்தது. அதாவது, இயந்திரப் படகுக்கு எந்த எஞ்சின் நல்லது என்று நீங்கள் அந்த உதவியாளரிடம் கேட்டால், அடுத்த நாள் பேஸ்புக்கில் எஞ்சின் விளம்பரம் வரலாம். நீங்களும் தமக்கையாரும் உங்களுக்குள் எழுதிக்கொள்வதைப் பற்றி அந்த அறிவித்தலில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒருவர் "உதவியாளருடனான உரையாடல்" என்பதை "உரையாடல்" என்று சுருக்கினார். அடுத்தவர் அதை "எல்லா உரையாடலும்" என்று விரித்தார். மூன்றாமவரிடமிருந்து உங்கள் மாமாவுக்கு வந்து சேர்ந்தது.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இந்த மாற்றத்திலிருந்து விலகிக்கொள்வதற்கு எந்தத் தெரிவும் தரப்படவில்லை. அந்த உதவியாளருடன் பேசாமல் இருப்பதே விலகுவதற்கான ஒரே வழி. சமயம், அரசியல், உடல்நலம், இனம் முதலியவை பற்றிய பேச்சை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று நிறுவனம் சொல்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கும் வசதி உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம், பிரித்தானியா, தென்கொரியா ஆகிய இடங்களுக்கு இந்த மாற்றம் அப்போது பொருந்தாது என்று விலக்களித்துவிட்டு எம்மைப் போன்ற நாடுகளை அதற்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் அந்த இடங்கள் மட்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்த விடயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

வட்ஸ்அப்பில் அந்த உதவியாளரைத் திறக்கும் நீல வளையத்தை நீக்க முடியாது. ஆனால் இரண்டு காரியங்களைச் செய்யலாம். வட்ஸ்அப் கணக்கை மெட்டாவின் கணக்கு மையத்தில் பேஸ்புக்குடன் இணைக்காமல் விட்டால், வட்ஸ்அப்பில் அந்த உதவியாளரிடம் கேட்டவை பேஸ்புக் விளம்பரத்துக்குப் போவதில்லை. அடுத்தது குழுக்கள் பற்றியது. குழுவில் யாராவது ஒருவர் உதவியாளரைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு செய்தியைக் காட்டினால், அந்தச் செய்தி மெட்டாவைச் சென்றடையும்; மற்றவர்கள் அனுமதித்தார்களா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. 2025 ஏப்ரலில் வந்த மேம்பட்ட உரையாடல் தனியுரிமை என்ற அமைப்பைக் குழுவின் விபரப் பக்கத்தில் இயக்கிவிட்டால் இது தடைப்படும்.

அடுத்து, யாரால் எதை வாசிக்க முடியும் என்ற கேள்வி. குழுவில் வந்த செய்தி மூன்று செயலிகளையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறது. அவை மூன்றும் ஒன்றல்ல. வட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்து எல்லாச் செய்திகளும் அனுப்புபவரின் போனில் பூட்டப்பட்டுப் பெறுபவரின் போனில் மட்டுமே திறக்கப்படுகின்றன. இடையில் நிற்கும் நிறுவனத்திடம் திறப்பு இல்லை. மெசெஞ்சரில் தனிப்பட்ட உரையாடல்களுக்கு இந்தப் பூட்டைத் தாமாகவே போடும் வேலை 2023 டிசம்பரில்தான் தொடங்கியது. இன்ஸ்டகிராம் செய்திகளுக்கு அது இயல்பாகவே போடப்படும் பூட்டு அன்று. ஆகவே அறை முன்பதிவு பற்றி ஒரு விருந்தினர் இன்ஸ்டகிராமில் எழுதினால், அது வட்ஸ்அப்பில் எழுதியதற்குச் சமமான பாதுகாப்புடையது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

வட்ஸ்அப்பின் பூட்டிலும் சில இடைவெளிகள் உண்டு. யாராவது உங்களைப் பற்றி முறைப்பாடு செய்தால், நீங்கள் அவருக்குக் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வரை நிறுவனத்துக்குச் செல்லும். வங்கி, விமான நிறுவனம் போன்ற பெரிய நிறுவனங்களுடன் நடக்கும் உரையாடலை அந்த நிறுவனத்துக்காக மெட்டாவோ வேறொரு சேவை வழங்குநரோ வைத்திருக்கலாம். கூகுள் டிரைவில் ஒவ்வொரு இரவும் சேமிக்கப்படும் பேக்கப், நீங்கள் தனியாகக் கடவுச்சொல் போட்டுப் பூட்டாத வரைக்கும் அந்தப் பூட்டுக்கு வெளியிலேயே கிடக்கிறது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது, பூட்டவே முடியாத பகுதி. யார், யாருடன், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, எந்த ஊர் இணைப்பிலிருந்து பேசினார், எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற விபரங்கள் கடித உறையின் மேல் எழுதிய முகவரியைப் போன்றவை. தபாற்காரர் கடிதத்தைப் பிரிக்காமலே அவற்றை அறிவார். எங்கள் ஊரில் ஒருவர் திங்கட்கிழமை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு எழுதுகிறார், புதன்கிழமை மகரகமவில் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் நோயாளிகளுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவருக்கு எழுதுகிறார், அன்றிரவு இரண்டு மணிக்கு ரொறன்ரோவிலுள்ள சகோதரனுடன் நாற்பது நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லைக்கூட வாசிக்காமல் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நீங்களே ஊகித்துவிடுவீர்கள். "செய்தியை வாசிக்கிறார்களா" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் கண்ணில் படுவதில்லை. நிறுவனமும் "உங்கள் செய்திகளை நாங்கள் வாசிப்பதில்லை" என்று அந்தக் கேள்விக்கு மட்டும் உண்மையான பதிலைச் சொல்லிவிட்டு இருந்துவிடுகிறது.

உறையின் மேலுள்ள விபரம் பேஸ்புக்கின் பக்கம் போகத் தொடங்கியது நேற்று இன்றல்ல. இன்று மெட்டா எனப்படும் பேஸ்புக் நிறுவனம் 2014 இல் வட்ஸ்அப்பை வாங்க உடன்பட்டபோது அறிவிக்கப்பட்ட விலை 1,900 கோடி அமெரிக்க டொலர். இரண்டு சேவைகளின் கணக்குகளையும் நம்பகமான முறையில் தானாகப் பொருத்திப் பார்க்க முடியாது என்று அப்போது ஐரோப்பிய ஆணையத்துக்குச் சொன்னார்கள். 2016 ஓகஸ்டில், தொலைபேசி எண் உள்ளிட்ட விபரங்களைப் பேஸ்புக்குடன் பகிர்வதாகக் கொள்கையை மாற்றினார்கள். தவறான தகவல் தந்ததற்காக ஆணையம் 2017 மேயில் 11 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2016 இல் மறுக்க விரும்பியவர்களுக்கு 30 நாள் அவகாசம் கொடுக்கப்பட்டது. அதைக் கவனித்து மறுத்தவர்கள் சிலர், கவனிக்காதவர்கள் கோடிக்கணக்கானோர், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தத் தெரிவே இல்லை. எனவே 2021 ஜனவரியில் வட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை அறிவித்தலைக் கண்டு உலகமே கொந்தளித்தபோது, கொந்தளித்தவர்களில் பெரும்பாலானோருடைய விபரம் நான்கரை ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த 2021 அறிவித்தல் உங்களுக்கும் நினைவிருக்கும். திரையின் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்தது. அதில் "ஏற்கிறேன்" என்பது கண்ணுக்குத் தெரியும் பொத்தானாகவும் "இப்போது வேண்டாம்" என்பது தேடிப் பார்க்க வேண்டிய எழுத்தாகவும் இருந்தன. பெப்ரவரி 8 க்குள் ஏற்காவிட்டால் பயன்படுத்த முடியாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் திகதியை மே 15 க்குத் தள்ளினார்கள்; மே வந்ததும், ஏற்காதவர்களின் கணக்கை முடக்கப்போவதில்லை என்று இறங்கி வந்தார்கள். கணினி வகுப்பு முடிந்து பஸ்ஸுக்காக நின்ற ஒரு பெரியவர் அந்தப் பெட்டியை என்னிடம் காட்டி, "தம்பி, இதை எங்க அமத்தினா இது போகும்?" என்று கேட்டார். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவர் கேட்கவில்லை; மகளுடைய அழைப்பு வருவதற்கு முன் அந்தப் பெட்டி மறைய வேண்டும், அவ்வளவே. அவருடைய விரல் அந்தப் பொத்தானில் பட்டதைச் சம்மதம் என்று பதிவுசெய்வதில்தான் எனக்கு மனக்குறை உண்டு. பிள்ளைகள் ஐந்து நாட்டில் சிதறிக் கிடக்கும் ஓர் ஊரில் "விருப்பமில்லாவிட்டால் வெளியேறலாம்" என்பது தெரிவாகாது.

பயனாளர்களிடம் ஒரு காலத்தில் உண்மையாகவே வாக்குக் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கொள்கை மாற்றங்களைப் பயனாளர்கள் வாக்களித்துத் தீர்மானிக்கலாம் என்ற ஏற்பாடு 2009 முதல் பேஸ்புக்கில் இருந்தது. 2012 டிசம்பரில், அந்த வாக்குரிமையையே நீக்கும் மாற்றம் வாக்குக்கு விடப்பட்டது. வாக்களித்த ஏறத்தாழ 6 இலட்சத்து 68 ஆயிரம் பேரில் 88 சதவீதத்தினர் எதிர்த்தார்கள். ஆனால் முடிவு செல்லுபடியாக வேண்டுமானால் நூறு கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களில் 30 சதவீதத்தினர் வாக்களித்திருக்க வேண்டும் என்பது விதி. எதிர்ப்பு செல்லாததாயிற்று, வாக்குரிமையும் போயிற்று.

மாமா ஒட்டச் சொல்லும் வாசகமும் ஏறக்குறைய அதே வயதுடையது. 2012 இலிருந்து உடை மாற்றி மாற்றிச் சுற்றிவருகிறது. 2024 செப்டெம்பரில் "மெட்டா ஏஐக்குப் பிரியாவிடை" என்ற பெயரில் வந்தது. கணக்குத் தொடங்கும்போது ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையைச் சுவரில் ஒரு பதிவு போட்டு மாற்றிவிட முடியாது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு "வாடகை தர நான் சம்மதிக்கவில்லை" என்று வாசலில் எழுதி ஒட்டுவதைப் போன்றது அது. அதன் பழைய வடிவங்களில் ரோம் சாசனத்தையும் துணைக்கு அழைப்பார்கள். ரோம் சாசனம் இனப்படுகொலையையும் போர்க்குற்றங்களையும் விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ஆவணம். இலங்கை அதன் உறுப்பு நாடே அன்று. எங்கள் மண்ணில் அந்தச் சாசனத்தின் பெயரைப் பேஸ்புக் படத்துக்காகப் பகிர்வதைப் பார்க்கும்போது சிரிப்பதா வேறென்ன செய்வதா என்று தெரியவில்லை. மாமாவிடம் கோபிக்க வேண்டாம். அவர் ஒட்டியதால் கெடுதல் ஒன்றும் இல்லை, பாதுகாப்புக் கிடைத்துவிட்டது என்று நம்பி இருந்துவிடுவதுதான் கெடுதல்.

இப்போது அந்த முடிச்சுக்கு வருகிறேன். 2021 செப்டெம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், விபரங்களை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று மக்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதற்காக வட்ஸ்அப்புக்கு 22 கோடியே 50 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. 2023 மேயில், ஐரோப்பியரின் தரவுகளை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக மெட்டாவுக்கு 120 கோடி யூரோ. இந்தியாவின் போட்டி ஆணையம், அந்த 2021 "ஏற்றால் இரு, இல்லையேல் போ" முறைக்காகவே 2024 நவம்பரில் 213.14 கோடி இந்திய ரூபாய் விதித்தது. அது மேன்முறையீட்டுக்குச் சென்றது. 2024 ஜூனில், வயதுவந்தவர்களின் பகிரங்கப் பதிவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை ஐரோப்பாவில் மெட்டா நிறுத்திவைத்ததும், 2025 மேயில் மறுப்புப் படிவத்தோடு மீண்டும் தொடங்கியதும் அயர்லாந்து ஆணையத்தின் தலையீட்டினால் நடந்தவை. ஜெர்மனியிலிருந்து வந்து உங்கள் விடுதியில் தங்கும் பெண்மணிக்கு அந்தப் படிவம் உண்டு. அதே கடற்கரையில் அதே சூரிய உதயத்தைப் படமெடுத்துப் போடும் உங்களுக்கு இல்லை. நிறுவனம் ஒன்றே, செயலியும் ஒன்றே. யாருக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு.

எமக்குச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் உரிமை தருகிறது. இலங்கையிலுள்ளவர்களுக்குச் சேவை வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டம் ஒரேயடியாக நடைமுறைக்கு வரவில்லை. தரவுப் பாதுகாப்பு அதிகார சபையை அமைக்கும் பகுதி 2023 இல் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச்சில் வரவிருந்த முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. தண்டத்தின் உச்சம் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய். திருகோணமலையில் ஒரு கடைக்காரரை அது நடுங்க வைக்கும். மெட்டாவை நடுங்க வைக்குமா என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். எங்கள் அரசியலமைப்பில் தனியுரிமை தனியான அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை என்பதும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியது.

மருமகள் சொல்லும் டெலிகிராம் இதற்கு மருந்தல்ல. அதில் சாதாரண உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் வட்ஸ்அப்பிலுள்ள பூட்டு இல்லை. இரகசிய உரையாடல் என்று தனியாகத் தொடங்கினால் மட்டுமே உண்டு. 2021 இல் ஓடிப்போனவர்களில் பலர் பூட்டிய வீட்டை விட்டுப் பூட்டாத வீட்டுக்குக் குடிபோனார்கள். உறையின் மேலுள்ள விபரத்தையும் குறைத்து வைத்திருக்கும் செயலி வேண்டுமானால் சிக்னல் இருக்கிறது. 2016 இல் அமெரிக்க நீதிமன்ற ஆணையொன்று வந்தபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. வட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் அக்டன்தான் 2018 இல் 5 கோடி டொலர் கொடுத்து சிக்னல் அறக்கட்டளையைத் தொடங்க உதவினார் என்பது யோசிக்க வைக்கும் செய்தி. ஆயினும் உங்கள் விருந்தினர் அங்கே இல்லை, கனடா மாமா அங்கே இல்லை, வளைகுடாவில் மகனை வைத்திருக்கும் கிண்ணியா வீடுகள் இமோ செயலியை விட்டு வரப்போவதில்லை. குடும்பத்தின் முக்கியமான பேச்சுக்கு சிக்னலைப் போட்டுக்கொள்ளுங்கள். தொழிலை வட்ஸ்அப்பிலேயே வைத்திருங்கள்.

போனின் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலிகள் பற்றியும் ஒரு சொல். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது ஊரெங்கும் இலவச விபிஎன் செயலிகளை இறக்கினார்கள். பலருடைய போனில் அது இன்னமும் கிடக்கிறது. போனின் போக்குவரத்து முழுவதும் அதன் வழியாகவே செல்கிறது என்பதை மறந்துவிட்டார்கள். பேஸ்புக்கே 2013 இல் ஒனாவோ என்ற விபிஎன் நிறுவனத்தை வாங்கி, மக்கள் வேறு எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் மூலம் பார்த்துக்கொண்டிருந்தது. 2018 இல் ஆப்பிள் நிறுவனத்தின் நெருக்குதலால் அந்தச் செயலியை அதன் கடையிலிருந்து எடுத்தார்கள். தேவையில்லாவிட்டால் அழித்துவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். சென்ற சித்திரையில் வைஃபை திருத்த வந்த அன்று உங்கள் போனை என்னிடம் தந்தீர்கள். படத்தொகுப்பு தானாகத் திறந்துகொண்டது. சந்தையில் வாங்கிய அறக்குளா மீன் ஒன்று, வாசலில் குப்பைப் பைக்குள் தலையை விட்ட புள்ளிமான் ஒன்று, அதற்கடுத்து ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் கடவுச்சீட்டு, பிறகு பத்திரகாளி அம்மன், பிறகு தேநீர்க் கறை படிந்த மேசைவிரிப்பில் விரித்து வைத்து எடுத்த இரண்டு கடவுச்சீட்டுகள், பிறகு கொழும்புக் குடும்பம் ஒன்றின் அடையாள அட்டைகள் முன்பக்கமும் பின்பக்கமும். விரலால் தள்ளத் தள்ள அவை வந்துகொண்டே இருந்தன. விருந்தினர் வட்ஸ்அப்பில் அனுப்பியவை தாமாகப் படத்தொகுப்பில் விழுந்து, அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கு ஏறி, அதே கணக்கை வைத்திருக்கும் மருமகளின் பழைய போனிலும் வந்து கிடந்தன. மெட்டாவிடமிருந்து உங்கள் தகவலைக் காப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். அந்தப் பெண்ணின் தகவலை உங்களிடமிருந்து காப்பது எப்படி என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மேலே சொன்ன சட்டத்தின் மொழியில், பிறருடைய தரவை எதற்காக, எப்படி வைத்திருப்பது என்று தீர்மானிக்கும் ஆள் நீங்கள்தான். நான்கு அறை விடுதியென்று அந்தப் பொறுப்பு இல்லாமற் போகாது.

இந்த நாட்டு அடையாள அட்டையின் எண் சும்மா ஒரு தொடர் எண் அன்று. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதில் 500 கூட்டப்பட்டிருக்கும். எண்ணைப் பார்த்தவருக்குப் பிறந்த திகதியும் பாலும் தெரிந்துவிடும். அதோடு தொலைபேசி எண்ணும் முகவரியும் சேர்ந்தால், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுபவருக்கு வேறென்ன வேண்டும்? டித்வா புயலின்போது, மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் ஏறிய நாட்களில், நிவாரணப் பட்டியல்கள் குழுவிலிருந்து குழுவுக்குப் பறந்தன. என்னிடம் வந்த ஒன்றில் நாற்பது குடும்பங்களின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், எத்தனை பெண் பிள்ளைகள் என்ற விபரம்கூட இருந்தது. அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள். அந்த நேரத்தில் அதைக் குறைகூற எனக்கும் மனம் வரவில்லை. வெள்ளம் வடிந்தது, பட்டியல் இன்னும் நூற்றுக்கணக்கான போன்களில் இருக்கிறது. இதில் மெட்டா செய்த தவறு ஒன்றுமில்லை. சென்ற ஆண்டு ஒரு பரிசோதனைக் கூடம் யாரோ ஒரு பெண்ணின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை எண் மாறி எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியது. நான் சொன்னதும் "அழித்துவிடுங்கள்" என்று பதில் வந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு அறிவித்தார்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. வட்ஸ்அப்பின் அமைப்புகளில் உரையாடல்கள் என்ற பகுதிக்குப் போய், படங்கள் தொகுப்பில் தெரிவதை நிறுத்துங்கள். அங்கேயே பேக்கப்பையும் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது என்பதால் தமக்கையார் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். உப்புவெளியில் அந்தக் கொப்பியைத் திருட வருகிறவன் உங்கள் பேக்கப்புக்காக வரமாட்டான். தனியுரிமைப் பகுதியில், உங்களைக் குழுக்களில் சேர்ப்பதற்குத் தொடர்பிலுள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இரண்டு படி சரிபார்ப்பில் ஆறு இலக்க எண்ணைப் போடுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். சீசனில் உதவிக்கு வந்துபோன பையனின் மடிக்கணினி அதில் இன்னும் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். பேஸ்புக்கில், வேறு தளங்களும் கடைகளும் உங்களைப் பற்றி மெட்டாவுக்கு அனுப்பும் செயற்பாட்டு விபரத்தைத் துண்டிக்கும் தெரிவு உண்டு. அதையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

அதன்பின் படத்தொகுப்புக்கு ஒரு மழைநாளை ஒதுக்குங்கள். மாரி காலம், அறைகளும் காலியாகத்தான் இருக்கும். கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்கள் எல்லாவற்றையும் உங்கள் போனிலும், கூகுள் போட்டோஸிலும், அதன் குப்பைத் தொட்டியிலும், மருமகளின் பழைய போனிலும் அழியுங்கள். வேண்டிய விபரத்தை வந்திறங்கும்போது பதிவேட்டில் கையால் எழுதி, அந்தப் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைக்காமல் லாச்சிக்குள் வையுங்கள். வட்ஸ்அப் பிசினஸில் முதற்செய்திக்குத் தானாகப் போகும் வரவேற்பு வாசகம் ஒன்று வைத்திருக்கிறீர்கள் அல்லவா, "வணக்கம், உங்கள் கடவுச்சீட்டின் படத்தை அனுப்பி அறையை உறுதிசெய்யுங்கள்" என்று. அதை இப்படி மாற்றி, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் போட்டுவிடுங்கள்: "வணக்கம். பெயரும் வரும் நாளும் போதும். கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ படமெடுத்து அனுப்ப வேண்டாம். வரும்போது கையில் கொண்டு வாருங்கள்."